ஆண்பனையா, பெண்பனையா? மரபணு அடையாளம் சொல்லும் பாடம்

சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் பனம்பழம் விழத் தொடங்கிவிடும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் நிற்கும் நஞ்சை ஒருபுறம்; குளக்கரைகளிலும் புஞ்சை வரப்புகளிலும் பனை நிற்கும் மேட்டு நிலம் மறுபுறம். இப்பகுதி விவசாயிக்குப் பனை பழைய சொத்து. தண்ணீர் கேட்பதில்லை, உரம் கேட்பதில்லை. கரையைப் பிடித்து நிறுத்துவதோடு ஓலை, நார், பதநீர், நுங்கு, கிழங்கு என்று எல்லாம் தருகிறது.

அண்மைக் காலமாகப் பனங்கொட்டை ஊன்றும் ஆர்வம் ஊருக்கு ஊர் வளர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2021ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் அதே அறிக்கையில் சொல்லப்பட்டது.

ஆனால் ஊன்றுகிற கொட்டை எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. பாதையோரம் பழம் அதிகமாக விழுந்து கிடக்கும் ஒரு மரத்தடியில் இரண்டு சாக்கு நிறையப் பொறுக்கி, அதையே கரை முழுவதும் ஊன்றிவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. இதில் மறைந்துள்ள நஷ்டம் உடனே தெரியாது. ஒரு தலைமுறை கழிந்த பிறகே தெரியும். 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்ற பழமொழி வீணாகச் சொல்லப்பட்டதல்ல. இந்த நஷ்டத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று இன்று விஞ்ஞானிகளிடம் இருக்கிறது. அதுவே மரபணு அடையாளம்.

பன்னிரண்டு வருடக் காத்திருப்பு

நெல்லிலும் கத்தரியிலும் ஒரே பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கின்றன. தென்னையில் ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. பனை அப்படியல்ல. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கும் பழமும் பெண்பனையில் மட்டுமே கிடைக்கும். பதநீர் இரண்டிலும் இறக்கலாம் என்றாலும் பெண்பனையே கூடுதலாகத் தரும்.

பாளை விடும் வரை ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய வழியில்லை. பாளை விடப் பன்னிரண்டு முதல் பதினைந்து வருடம் ஆகும்; வறண்ட நிலத்தில் அதற்கு மேலும் ஆகலாம். கொட்டையின் வடிவத்தையோ முளையின் பருமனையோ பார்த்து 'இது ஆண், இது பெண்' என்று சொல்வோர் உண்டு. அவற்றை நம்பி நடவு செய்வதற்கு ஆதாரம் கிடையாது.

ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதே கஷ்டம்தான். நல்ல பெண் மரங்களைக் கொண்டு ஒரு விதைத் தோட்டம் போட வேண்டுமானால், ஊன்றியவற்றில் பாதி ஆணாக வரும் என்று தெரிந்தே ஏக்கர் கணக்கில் நிலத்தைப் பதினைந்து வருடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அடையாளம் என்பது என்ன?

கிடை போடும் கீதாரி தன் ஆட்டின் காதில் ஒரு வெட்டு வைத்திருப்பார். நூறு ஆடுகள் கலந்து மேய்ந்தாலும் அந்த வெட்டைக் கொண்டு தன் ஆட்டைப் பிரித்துவிடுவார். காதில் வெட்டு இருப்பதால் ஆடு அதிகமாகப் பால் கறக்கப் போவதில்லை. அது வெறும் அடையாளம்.

ஒவ்வொரு உயிரின் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கே நான்கு எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. மரம் எப்படி வளர வேண்டும், எப்போது பூக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த எழுத்து வரிசையில் அடங்கியிருக்கிறது. அந்த இழையில், மரத்துக்கு மரம் வேறுபடும் சில இடங்களை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களே மரபணு அடையாளங்கள். ஆட்டின் காது வெட்டு நாம் போட்டது. இது பிறவியிலேயே வருவது.

பார்க்கும் முறை கடினமானதல்ல. இளம் ஓலையில் ஒரு சிறு துண்டு போதும். அதை அரைத்து, ரசாயனங்களைக் கொண்டு டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிறார்கள். வேண்டிய இடத்தை மட்டும் ஒரு இயந்திரத்தில் லட்சக்கணக்கில் நகல் எடுத்து, களி போன்ற ஒரு தகட்டில் மின்சாரம் செலுத்தி ஓடவிடுகிறார்கள். சிறிய துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் நகரும். முடிவில் தகட்டில் கோடு கோடாகப் பட்டைகள் தெரியும். இந்தப் பட்டைகளை ஒப்பிட்டே மரங்களின் உறவு கணிக்கப்படுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். இழையில் ஓரிடத்தில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தாய்ப்பனையில் ஒரு பிரதியில் 10 முறையும் மறு பிரதியில் 14 முறையும் வருகிறது. தகப்பன் பனையில் 12 முறையும் 17 முறையும் வருகிறது. பிள்ளை, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாகப் பெறும். 10-12, 10-17, 14-12, 14-17 ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும். இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மரங்கள் உடன்பிறப்புகளா, தூரத்து உறவா, உறவே இல்லாதவையா என்று கணிக்க முடியும். கரையில் நிற்கும்போது எல்லாப் பனையும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தகட்டில் அவற்றின் வம்சாவளியே தெரிந்துவிடும்.

பனையின் பங்காளி ஒரு தீவில்

இந்த அடையாளம் எவ்வளவு பயன் தரும் என்பதைப் பனையின் நெருங்கிய பங்காளி ஒன்றின் கதை விளக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் தேங்காய்' என்று விற்கப்படும் பொருளைப் பலர் பார்த்திருப்பார்கள். இரட்டைத் தேங்காய் என்றும் அதைச் சொல்வதுண்டு. முற்காலத்தில் அதன் வெற்று ஓடுகள் கடலில் மிதந்து வந்து மாலத்தீவிலும் இந்தியக் கரையிலும் ஒதுங்கின. மரத்தைப் பார்த்தவர் இல்லாததால் அது கடலுக்கடியில் காய்க்கிறது என்றே நம்பினார்கள். மரம் இயற்கையாக வளர்வது இந்துமகா சமுத்திரத்தில் செஷல்ஸ் நாட்டின் பிராலின், கியூரியஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே.

இந்த மரம் பனையின் குடும்பப் பிரிவைச் சேர்ந்தது. ஓலை விசிறி போன்றது. கொட்டை முளைக்கும்போது பனங்கிழங்கைப் போலவே நீண்ட தண்டு ஒன்று மண்ணுக்குள் ஓடி, அதன் நுனியிலிருந்து கன்று எழும்புகிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதும் பனையைப் போலவே. ஆனால் எல்லாமே பெரிய அளவில். உலகில் மிகப் பெரிய விதை இதனுடையதுதான். 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. காய் முற்ற ஆறேழு வருடம் பிடிக்கும். காட்டில் ஆணா பெண்ணா என்று தெரிய 50 வருடம் கூட ஆகலாம்.

அத்தீவுகளில் பல இடங்களில் வளர்ந்த மரங்களிடையே ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இல்லை. விதையிலேயே ஒரு பால் குறைவாகப் பிறக்கிறதா, அல்லது சமமாகப் பிறந்து வளரும்போது ஒன்று அழிந்துபோகிறதா என்பது தெரியவில்லை. பாதுகாப்புக்கு இது முக்கியமான கேள்வி. விதையில் குறை என்றால் வைத்தியம் ஒன்று. வளரும் இடத்தில் குறை என்றால் வைத்தியம் வேறு.

விஞ்ஞானிகள் ஆண் மரத்தில் மட்டும் பட்டை காட்டும் இரண்டு அடையாளங்களைக் கண்டுபிடித்து, பூக்காத 589 இளம் மரங்களின் டி.என்.ஏ.யைச் சோதித்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவாக இருந்தது. இளம் மரங்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி. மனிதரிலும் மாட்டிலும் இருப்பதுபோல, பால் கருவிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. ஏற்றத்தாழ்வு வந்தது அதற்குப் பிறகே. ஐம்பது வருடம் காத்திருந்து அறிய வேண்டியதை ஓலைத் துண்டு சொல்லிவிட்டது.

நம் பனையில் நடந்தது

நம் பனையிலும் இத்தகைய முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், ஆண்பனையில் மட்டும் தோன்றி பெண்பனையில் தோன்றாத ஒரு பட்டையைக் கண்டு 2007இல் வெளியிட்டார்கள். பாளை விடாத கன்றின் பாலைச் சொல்ல வழி இருக்கிறது என்று காட்டியதே அதன் சிறப்பு.

எனினும் விவசாயிகள் இதை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். முதலில் பயன்படுத்திய அந்தச் சோதனை முறை, ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்று மாறுபட்ட பட்டை காட்டக்கூடியது. ஓரிடத்து மரங்களில் சரியாக வந்த அடையாளம் பிற வட்டாரத்து மரங்களிலும் சரியாக வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இது ஆய்வுக்கூட வேலை. சந்தையில் கடைக்காரர் கையில் இருக்கும் கருவி அல்ல. ஆகவே 'பெண் கன்று மட்டும் தருகிறோம்' என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தது என்று கேட்க வேண்டும். ஆதாரம் காட்டாவிட்டால் வாங்கக் கூடாது.

பாதி ஆண், பாதி பெண் என்பதன் பொருளையும் தெரிந்துகொள்வது நல்லது. நூறு விதை ஊன்றினால் ஏறக்குறைய ஐம்பது பெண் கிடைக்கும். நான்கே விதை ஊன்றினால் இரண்டு பெண் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நான்கும் ஆணாகப் போவதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. வரப்பில் நான்கு மரம் மட்டும் வைத்து நான்கும் ஆணாகிவிட்டது என்றால் அது விதை கொடுத்தவர் குற்றமல்ல. இடம் இருக்கும்வரை எண்ணிக்கையைக் கூட்டி ஊன்றுவதே இதற்குப் பரிகாரம்.

ஆண்பனை வீண் அல்ல

ஆண் எது, பெண் எது என்று தெரியத் தொடங்கியதும் ஒரு ஆசை எழும். ஆண்பனைகளை எல்லாம் சூளைக்குத் தள்ளிவிட்டுப் பெண்பனையை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பது அது. இது தவறு. கொட்டையின் பாதிக் குணம் தாயிடமிருந்து வருகிறது. மறுபாதி தகப்பனிடமிருந்து வருகிறது. ஒரு கரையில் நாற்பது பெண்பனை நின்று ஒரே ஒரு ஆண்பனை மட்டும் மிஞ்சினால், அக்கரையில் விழும் கொட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தகப்பன் அந்த ஒன்றே. வெளியே பார்த்தால் நாற்பது மரத்து விதை; உள்ளே பார்த்தால் ஒரு தகப்பன் பிள்ளைகள்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து தங்களுக்குள் மகரந்தம் பரிமாறும்போது நெருங்கிய உறவுக் கலப்பு உண்டாகிறது. ஒரே கிடாவை வருடக்கணக்கில் மந்தையில் விட்டால் குட்டிகள் நோஞ்சானாவதை ஆடு வளர்ப்போர் அறிவார்கள். அதனால்தான் கிடாவை மாற்றுகிறார்கள். அயல் மகரந்தத்தால் கருவுறும் மரங்களுக்கும் இந்த விதி பொருந்தும். வீரியம் குறையும், காய்ப்புக் குறையும். புதிய நோயோ கடும் வறட்சியோ வந்தால், எல்லா மரமும் ஒரே குணமாக இருப்பதால் எல்லாமே ஒன்றாகப் பாதிக்கப்படும்.

தீவும் குளக்கரையும்

தீவு மரங்களை உலகம் முழுவதும் ஆராய்வதற்குக் காரணம் இந்த ஆபத்தே. தீவில் மரம் குறைந்தால் வெளியிலிருந்து மகரந்தமோ விதையோ வந்து சேர வழியில்லை. தமிழர்கள் பலர் வாழும் மொரீஷியஸ் தீவில், குரேபீப் தாவரவியல் பூங்காவில் பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் நிற்கிறது. அந்த இனத்தில் உலகில் மிஞ்சியிருப்பது அந்த ஒற்றை மரம் மட்டுமே. அதில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு சமயத்தில் முதிர்கின்றன. ஜோடி இல்லாததால் வம்சம் நின்றுவிட்டது. இந்த நிலைக்கு வந்த பிறகு மரபணு அடையாளம் பார்த்தும் பயனில்லை; ஒப்பிட இன்னொரு மரம் வேண்டுமே!

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹவுராவில் உள்ள இந்தியத் தாவரவியல் பூங்காவில் 1894இல் ஊன்றிய இரட்டைத் தேங்காய் மரமும் இப்படித்தான். அது பெண் மரம். பக்கத்தில் ஆண் இல்லாததால் வெளிநாட்டிலிருந்து மகரந்தம் தருவித்துக் கையால் தூவிக் காய் பிடிக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

தீவு என்பது கடலுக்குள் மட்டும் இருப்பதல்ல. சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே தெரியும் பொதிகை மலைத் தொடரில், களக்காடு முண்டந்துறைப் பகுதியின் உயரமான பாறைச் சரிவுகளில், கமுகு போன்று ஒல்லியாக வளரும் ஒரு காட்டு மரம் இருக்கிறது. 'பென்டிங்கியா' என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1803 முதல் 1807 வரை சென்னை கவர்னராக இருந்த பென்டிங்கின் நினைவாக வைத்த பெயர். இந்த இனத்தில் உலகில் இரண்டே வகைகள். ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில். மற்றொன்று கடல் தாண்டி நிக்கோபார் தீவுகளில். யானைக்கு இதன் குருத்து மிகவும் பிடிக்கும். அதனால் யானை ஏற முடியாத செங்குத்துப் பாறைகளிலேயே இது பெரும்பாலும் தப்பி நிற்கிறது. ஒரு சிகரத்துக்கும் அடுத்த சிகரத்துக்கும் இடையே பள்ளத்தாக்கு. இந்த மரத்துக்கு ஒவ்வொரு சிகரமும் ஒரு தீவுதான்.

இதே கண்ணோடு நம் குளக்கரைகளைப் பார்க்க வேண்டும். முன்பு வரப்புக்கு வரப்பு பனை நின்றது. ஒரு கரைக்கும் அடுத்த கரைக்கும் மகரந்தம் தடையின்றிப் போய்வந்தது. இடையில் நின்றவை சூளைக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்ட பிறகு, இந்தக் குளத்தில் இருபது, அடுத்த ஊர்க் குளத்தில் முப்பது என்று கூட்டம் கூட்டமாக மிஞ்சியிருக்கின்றன. கோடிக்கணக்கில் பனை உள்ள தமிழ்நாட்டில் பனை அரிய மரமல்ல. ஆனால் ஒவ்வொரு கரையும் ஒரு சிறு தீவாக மாறிவருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. புதிதாக ஊன்றும் விதை இந்தத் தீவுகளை மீண்டும் இணைக்க வேண்டும். ஒரே மரத்துப் பிள்ளைகளைக் கொண்டு மேலும் தனிமைப்படுத்தக் கூடாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

மரபணு ஆராய்ச்சி சொல்லும் பாடத்தைக் கடைப்பிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சாக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

1. ஒரே மரத்தடியில் விதை பொறுக்கக் கூடாது. குறைந்தது இருபது தாய் மரங்களிலிருந்து எடுக்க வேண்டும். நூறு விதை வேண்டுமானால் மரத்துக்கு ஐந்து வீதம் எடுக்கலாம்.

2. இருபது மரமும் ஒரே கரையில் இருக்க வேண்டாம். மூன்று நான்கு குளக்கரைகளிலிருந்து சேர்ப்பது நல்லது. பெரும்பகுதி சொந்த வட்டாரத்து விதையாக இருந்தால் இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய குணம் நிலைக்கும்.

3. தாய் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பனையேறும் தொழிலாளரைக் கலந்துகொள்ள வேண்டும். எந்த மரம் வருடந்தோறும் பதநீர் தருகிறது, எது வறட்சியிலும் பாளை விடுகிறது என்பதை அவர்களைப் போல அறிந்தவர் இல்லை. அதோடு, சுற்றிலும் பல ஆண்பனைகள் நிற்கும் பெண் மரமாகப் பார்த்து விதை எடுப்பது நல்லது.

4. ஒரு பனம்பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். மூன்றுக்கும் தாய் ஒன்றே. அவற்றை அடுத்தடுத்து ஊன்றாமல், எல்லா மரத்துக் கொட்டைகளையும் நன்றாகக் கலந்த பிறகே ஊன்ற வேண்டும். எடை உள்ள, பூச்சி துளைக்காத கொட்டையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் பத்தடிக்கு ஒன்றாக, நிரந்தர இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். பனையின் முளை ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நடுவது சிரமம். ஊன்றிய இடத்தில் கிழங்குக்காகத் தோண்டக் கூடாது.

6. நிற்கும் ஆண்பனைகளை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு கரையிலும் பல ஆண் மரங்கள் பரவலாக நிற்கும்படி விட்டுவைக்க வேண்டும்.

7. எந்த வருடம், எந்தக் கரையில், எந்தெந்த மரத்து விதை ஊன்றப்பட்டது என்று நோட்டில் குறித்து வைக்க வேண்டும். பஞ்சாயத்திலோ பள்ளியிலோ ஒரு பிரதி இருக்கட்டும். ஊன்றியவர் மறந்தாலும் அந்தக் குறிப்பு, பிற்காலத்தில் ஓலைத் துண்டைச் சோதிக்க வரும் விஞ்ஞானிக்குப் பேருதவியாக இருக்கும்.

மலையில் உள்ள அரிய மரங்களின் விதையையோ கன்றையோ யாரும் எடுத்துவர முயலக் கூடாது. அவற்றை அந்தந்தப் பாறையில் விட்டுவைப்பதே பாதுகாப்பு.

பனை பற்றிய ஆராய்ச்சி, தாமிரபரணிக் கரையோரத்திலேயே தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளத்தில் உள்ள வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தில் நடந்துவருகிறது. நல்ல குணமுள்ள பனை தங்கள் ஊரில் இருப்பதாக அறியும் விவசாயிகள் அந்நிலையத்துக்குத் தெரிவித்தால் அது ஆராய்ச்சிக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும்.

நெல்லில் தவறு செய்தால் அடுத்த பூவில் திருத்திக்கொள்ளலாம். பனையில் செய்யும் தவறைத் திருத்த நம் பிள்ளைகள்தான் வர வேண்டும். இந்த ஆவணியில் சாக்கைத் தோளில் போட்டுப் புறப்படும் விவசாயி, முதல் மரத்தடியில் நிறைத்துவிட்டுத் திரும்பாமல் இருபது மரத்தடிக்கு நடந்தால், ஒரு நாள் கால்வலியோடு அந்தத் தவறு தவிர்க்கப்பட்டுவிடும்.